தம்பிக்கு முதல் கிரிக்கெட் பேட்: விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி பந்தைப் பாருங்க!

வீட்டுல கிரிக்கெட் பத்திப் பேசுற ஆள் நீங்கதான்னா, இந்த வேலை என்னைக்காவது ஒருநாள் உங்க தலையிலதான் வந்து விழும். "பையன் பேட் வேணும்னு ஒரே அடம். உனக்குத்தான் தெரியுமே, நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிக்குடு கண்ணு" என்று அக்காவோ சித்தியோ போன்ல சொல்லிட்டு, ஜிபேயில் ஒரு தொகையையும் அனுப்பிடுவாங்க. நீங்களும் போனைத் திறந்து 'கிரிக்கெட் பேட்'னு தேடுவீங்க. 400 ரூபாய்க்கும் பேட் இருக்கும், 40,000 ரூபாய்க்கும் பேட் இருக்கும். போட்டோவில் ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

சேலம், நாமக்கல் பக்கம் இருக்குறவங்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். ஏன்னா இங்கே கிரிக்கெட்டே ரெண்டு வகை. ஏரி காய்ஞ்சதும் ஏரிக்குள்ள, அறுவடை முடிஞ்ச காட்டுல, பொங்கலுக்கு ஊர் டோர்னமென்ட்டுல ஆடுற டென்னிஸ் பால் கிரிக்கெட் ஒண்ணு. பேடு, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கிட்டு, கோச் விசில் ஊத, வலைக்குள்ள ஆடுற லெதர் பால் கிரிக்கெட் இன்னொண்ணு. ஒரு காலத்துல இந்த ரெண்டாவது வகை ஏதோ சென்னை சமாச்சாரம்னு இருந்துச்சு. இப்போ அப்படி இல்லை. வாழப்பாடி பக்கம் இருக்குற சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானத்துல 2022-ல் டி.என்.பி.எல் ஆட்டங்களே நடந்தாச்சு. சின்னப்பம்பட்டியில நடராஜன் தன் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு கிரிக்கெட் மைதானமே கட்டி, 2023 ஜூன்ல தினேஷ் கார்த்திக்கை வெச்சுத் திறந்தார்.

நடராஜன் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அப்பா தறித் தொழிலாளி, அம்மா ரோட்டோரக் கடை. இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால்தான். அங்கிருந்து கிளம்பி, 2020 டிசம்பரும் 2021 ஜனவரியும் சேர்ந்த ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துல ஒருநாள், டி20, டெஸ்ட்னு மூணு வகையிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். ஆனா ஒண்ணு கவனிங்க, அவர் பவுலர். பவுலருக்குக் கையும் ஒரு பந்தும் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. பேட்ஸ்மேன் ஆகணும்னு ஆசைப்படுற பிள்ளைக்கு அப்படி இல்லை. நடுவுல ஒரு மரக்கட்டை வேணும். அது அந்தக் கைக்குப் பொருந்தலைன்னா, ரெண்டு வருஷத்துக்குத் தப்பான ஆட்டத்தை அதுவே சொல்லிக்கொடுத்துடும். அதை மாத்த அப்புறம் கோச் படுற பாடு தனி.

அதனால விலைப்பட்டியலை மூடி வெச்சுட்டு முதல்ல பையன்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க.

"எந்தப் பந்துல ஆடப்போற?"

டென்னிஸ் பால் ஒண்ணோட எடை சுமார் 58 கிராம். ஆண்கள் ஆடுற லெதர் பால் 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட மூணு மடங்கு! ஒரே பேட் இந்த ரெண்டுக்கும் சரிப்பட்டு வரும்னு எதிர்பார்க்குறது, மொபெட்டுல கோழித்தீவன மூட்டையை அடுக்குற மாதிரி. கொஞ்ச தூரம் போகும், அப்புறம் அச்சு முறியும்.

டென்னிஸ் பேட்டுல பந்துக்குப் பாரம் இல்லாததால, பேட் எவ்வளவு வேகமா சுத்துதுங்கிறதுதான் முக்கியம். அதனால பின்பக்கம் நல்லா குடைஞ்சு எடுத்து, எடையைக் குறைச்சு, ஓரத்தை மட்டும் தடிமனா விட்டிருப்பாங்க. 'ஸ்கூப்' போட்ட பேட்டுன்னு கடைக்காரர் காட்டுவாரே, அதுதான். சிக்ஸருக்குன்னே செஞ்ச ஆயுதம். இதுல லெதர் பாலை வாங்கினா முதல் வாரத்துலயே முகத்துல கோடு விழும்.

பந்து வகை இந்த ரெண்டோட முடியுறதும் இல்லை. நம்ம ஊர்ல கார்க் பால்னு ஒண்ணு இருக்கே... லெதர் பால் விலை கட்டாதுன்னு பயிற்சிக்குப் பல இடத்துல அதைத்தான் போடுறாங்க. பேட்டுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கல்லு மாதிரி இருக்கும். பழக்காத புது வில்லோ பேட்டைக் கார்க் பாலுக்கு எதிரா இறக்கினா, மரத்துல பள்ளம் பள்ளமா விழும். சேருற அகாடமியில கார்க் பால் உண்டான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. உண்டுன்னா விலை உயர்ந்த பேட் பக்கமே போகாதீங்க.

லெதர் பாலுலயும் வயசுக்கு ஏத்த எடை இருக்கு. 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு 133 முதல் 144 கிராம், பெண்களுக்கு 140 முதல் 151 கிராம்னு விதிப்புத்தகத்துலயே போட்டிருக்கு. பத்து வயசுப் பையனுக்குப் பெரியவங்க பந்தை வீசிட்டு, "பேட் பவர் இல்லை"ன்னு யாராவது சொன்னா, குறை பேட்டுல இல்லை.

பையன் ஞாயித்துக்கிழமை தெருப்பசங்களோட மட்டும் ஆடுறானா? ஒரு நல்ல டென்னிஸ் பேட் வாங்கிக்கொடுத்துட்டு நிம்மதியா இருங்க. அகாடமியில சேர்ந்து, மாவட்ட அளவுல நடக்குற வயசு வாரியான தேர்வுக்குப் போகணும்னு இருக்கானா? அப்போ மேல படிங்க.

"வளர்ற பையன்... கொஞ்சம் பெருசாவே எடு"

ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கும்போது நம்ம வீட்டுல சொல்ற அதே வசனம். டிரவுசர் பெருசா இருந்தா மடிச்சுத் தைக்கலாம். பேட் பெருசா இருந்தா என்ன பண்ணுவீங்க? என்னைக் கேட்டா, முதல் பேட் வாங்குறதுல நடக்குற மிகப் பெரிய தப்பே இதுதான்.

பேட் நீளமா இருந்தா பையன் ஸ்டான்ஸ்ல நிக்கும்போது கைப்பிடி வயித்துல இடிக்கும். இடிக்காம இருக்க முழங்கையை வெளியே தள்ளுவான். முழங்கை வெளியே போனா பேட் நேரா இறங்காது, குறுக்கே வரும். அப்புறம் எல்லாப் பந்தையும் லெக் சைடுலயே இழுத்து அடிப்பான். "பையனுக்கு ஸ்ட்ரெயிட் டிரைவே வரமாட்டேங்குது"ன்னு புலம்புற அப்பாக்கள்ல பாதிப்பேர் வாங்கிக்கொடுத்தது ஒரு சைஸ் பெரிய பேட்டாத்தான் இருக்கும்.

ஜூனியர் பேட்டுகள் 1-ல் இருந்து 6 வரைக்கும் நம்பர் போட்டு வரும். அதுக்கு மேல 'ஹாரோ', அதுக்கும் மேல பெரியவங்களோட ஃபுல் சைஸ், அதாவது 'ஷார்ட் ஹேண்டில்'. பையன் உயரம் நாலே முக்கால் அடியை ஒட்டி இருந்தா 4, அஞ்சடி ஆனா 5, அஞ்சடி மூணு அங்குலம் வாக்குல 6, அஞ்சரை அடியைத் தாண்டினா ஹாரோ. அஞ்சே முக்கால் அடி ஆனாத்தான் ஃபுல் சைஸ். கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு அங்குலம் முன்ன பின்ன இருக்கும். ஆன்லைன்ல வயசு போட்டு ஒரு அட்டவணை வரும். அந்த வயசு நிறைய இடத்துல வெளிநாட்டுப் பிள்ளைகளோட வளர்த்தியை வெச்சுப் போட்டது. அதை நம்பாதீங்க, சுவத்துல பையனை நிக்க வெச்சு ஸ்கேல்ல அளந்துட்டுக் கிளம்புங்க. (இந்தக் கணக்குப்படி நம்ம ஊர்ல ஃபுல் சைஸ் பேட்டைத் தூக்கிக்கிட்டுத் திரியுற பல அண்ணன்களுக்கே ஹாரோ போதும். அதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க!)

"சச்சின் சின்ன வயசுலேயே பெரிய பேட்டுலதானே ஆடினார்?"னு பையன் மடக்கலாம். உண்மைதான். அண்ணன் அஜித்தோட பேட்டை வெச்சு ஆடினார். கனம் தாங்காம கைப்பிடியோட அடியில போய் இறுக்கிப் பிடிச்சார். அந்தப் பிடி அப்படியே பழகி, கடைசிவரைக்கும் மாறலை. பின்னாடி அவர் ஆடின பேட்டும் 1.4 கிலோவுக்கு மேல கனம். அவருக்கு அது ஒத்துப்போச்சு. அதே மாதிரி அண்ணன் பேட்டை வாங்கி ஆடி, மணிக்கட்டு வலிக்குதுன்னு விட்டுட்டுப் போன பசங்களோட கதையை யாரும் எழுதி வைக்கலை.

பெண் பிள்ளைகளுக்கும் இதே உயரக் கணக்குதான். 2025 நவம்பர்ல நம்ம பெண்கள் அணி உலகக் கோப்பை ஜெயிச்சதைப் பார்த்துட்டு தங்கச்சி பேட் கேட்டா, பிங்க் கலர் ஸ்டிக்கர் ஒட்டின பொம்மை பேட்டைக் காட்டுற கடையில இருந்து வெளிய வந்துடுங்க. அவளுக்கும் வேணும் உயரத்துக்கு ஏத்த, மரத்துல செஞ்ச, சரியான பேட்.

தராசுல ஒரு எடை, கையில ஒரு எடை

சைஸ் சரியா இருந்தாலும் எடை தப்பாகலாம். ஒரே 5-ம் நம்பர்ல ஒரு பேட் 950 கிராம் இருக்கும், இன்னொண்ணு 1,100 இருக்கும். இந்த 150 கிராம் உங்க கைக்குத் தெரியாது. பதினொரு வயசுக் கைக்கு அம்பதாவது பந்துல நல்லாவே தெரியும்.

கடையில ஒரு சின்னச் சோதனை. வலதுகை ஆட்டக்காரன்னா இடதுகை, அதாவது மேல்கையால மட்டும் கைப்பிடியைப் பிடிச்சு, பேட்டை முன்னால நேரா நீட்டச் சொல்லுங்க. பத்து வரைக்கும் நிதானமா எண்ணுங்க. மணிக்கட்டு தொங்கினாலோ, தோள் மேல ஏறினாலோ அந்தப் பேட் வேண்டாம். அப்புறம் அதே ஒத்தக் கையில ஸ்ட்ரெயிட் டிரைவ் ஆடுற மாதிரி நாலு தடவை வீசச் சொல்லுங்க. பேட் அவனை இழுத்துட்டுப் போகுதா, அவன் பேட்டை இழுத்துட்டுப் போறானா? பார்த்தாலே தெரிஞ்சிடும்.

இதுல ஒரு சூட்சுமம் உண்டு. தராசுல ஒரே எடை காட்டுற ரெண்டு பேட் கையில வேற வேற கனமாத் தெரியும். மரத்தோட பருமன் அடியில நிறைய இருந்தா, தூக்கும்போது கனமா இருக்கும். நடுவுல இருந்தா இலகுவா எழும்பும். கடைக்காரங்க 'பிக்கப்'னு சொல்றது இதைத்தான். சேலம், நாமக்கல்ல மேட்டிங் விரிச்ச பிட்ச்லயோ, கெட்டியான செம்மண்ணுலயோ ஆடுற பிள்ளைக்குப் பந்து நல்லாவே எழும்பி வரும். அவனுக்குத் தடிமன் நடுவுல இருக்குற பேட்தான் வசதி. பந்து தாழ்வா வர்ற பிட்சுன்னா கொஞ்சம் கீழ இருக்கலாம்.

எடை எழுதாத பேட்டா? தராசு கேளுங்க. கடையில இல்லைன்னா பக்கத்து மளிகைக்கடைக்குத் தூக்கிட்டுப் போங்க. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசைக் கிராம் சுத்தமா எடைபோடுற ஊர்ல, ஒரு பேட்டை எடைபோடவா தராசு கிடைக்காது?

அமெரிக்காவுல இந்தப் பழக்கம் ரொம்பச் சகஜம். பேஸ்பால் பேட் வாங்கும்போது நீளத்தையும் எடையையும் கழிச்சு ஒரு நம்பராவே சொல்லிடுவாங்க. 30 அங்குல நீளம், 20 அவுன்ஸ் எடைன்னா அது 'மைனஸ் 10' பேட். சின்னப் பிள்ளைக்கு மைனஸ் 10, உயர்நிலைப் பள்ளிக்குப் போனா மைனஸ் 3 வரைக்கும்தான்னு விதியே இருக்கு. நம்மகிட்ட அப்படி ஒரு நம்பர் இல்லாததால, பேட்டை ஸ்டிக்கர் பார்த்து வாங்கிட்டு வந்துடுறோம்.

கார்பன், ஃபைபர்... இதெல்லாம் உண்டா?

ஆன்லைன்ல 'ஃபைபர் பேட்', 'கார்பன் பேட்'னு பளபளன்னு சில வரும். பையன் கண்ணு அங்கதான் போகும். டென்னிஸ் பால் ஆட்டத்துக்குன்னு செஞ்ச சரக்கு அது. லெதர் பால் போட்டிக்கு உள்ளேயே விடமாட்டாங்க. காரணம் ஒரு சுவாரஸ்யமான சண்டை.

1979 டிசம்பர்ல பெர்த் மைதானத்துல இங்கிலாந்துக்கு எதிரா டெஸ்ட். ஆஸ்திரேலியாவோட டென்னிஸ் லில்லி அலுமினியத்துல செஞ்ச பேட்டோட வந்து நின்னார். பந்து பட்டா 'டங்'னு சத்தம். பந்து கெட்டுப்போகுதுன்னு இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி புகார் சொல்ல, ஆட்டம் நின்னு பெரிய களேபரம். கடைசியில லில்லி பேட்டை வீசி எறிஞ்சுட்டு மரபேட்டை வாங்கிக்கிட்டார். அடுத்து வந்த விதித் திருத்தம், பேட்டோட பிளேடு மரத்தாலதான் இருக்கணும்னு எழுதி வெச்சுடுச்சு. 2006-ல ரிக்கி பாண்டிங் வெச்சிருந்த பேட்டோட முதுகுல ஒட்டியிருந்த கார்பன் பட்டையும் கூடாதுன்னு ஆச்சு. 2021-ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் மூங்கில்ல ஒரு பேட் செஞ்சு, வில்லோவை விட நல்லா அடிக்குதுன்னு காட்டினாங்க. அதுக்கும் எம்.சி.சி விதியைக் காட்டி இடம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. மூங்கில் புல் வகையாச்சே!

பேஸ்பால்ல கதை வேற. கார்பன் இழைகளைப் பசையோட அடுக்கடுக்கா சுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டு செய்யுற 'காம்போசிட்' பேட் அங்க பிள்ளைகள் மத்தியில ரொம்பப் பிரபலம். பந்து பட்டதும் சுவர் லேசா அமுங்கி, டிராம்போலின் மாதிரி திருப்பித் தள்ளும். அடிக்க அடிக்க இழை தளர்ந்து இன்னும் வேகமாத் தள்ளும். எதிர்ல நிக்குற பிள்ளைக்கு ஆபத்துன்னு 2010-ல லிட்டில் லீக் அமைப்பு அதுக்குத் தடை போட்டு, சோதனையில தேறின மாடல்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2018-ல இருந்து அங்க பிள்ளைகளோட பேட் எல்லாம் மரபேட் அளவுக்குத்தான் அடிக்கணும்னு புதுத் தரம் வந்துடுச்சு. அவ்வளவு தூரம் சுத்தி, கடைசியில மரத்தையே அளவுகோலா வெச்சாங்க.

சரி, நம்ம மரத்துக்கு வருவோம். ரெண்டு வில்லோ. காஷ்மீர் வில்லோ, அனந்தநாக் பக்கம் சங்கம் மாதிரி ஊர்கள்ல விளைஞ்சு செஞ்சது. கொஞ்சம் அடர்த்தி, கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் கனம், நல்ல உழைப்பு. இங்கிலீஷ் வில்லோ, இங்கிலாந்துல வளர்ந்த மரத்தைத் துண்டு போட்டுக் கொண்டுவந்து மீரட்டுலயும் ஜலந்தர்லயும் இழைச்சு எடுக்குறது. வெளுப்பு, இலகு, பந்து தெறிக்கும், விலையும் தெறிக்கும்.

அகாடமியில முதல் வருஷம் ஆடுற பிள்ளைக்குக் காஷ்மீர் வில்லோதான் என் சிபாரிசு. காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. முதல் வருஷம் பந்து பேட்டோட நடுவுல படுறதைவிட ஓரத்துலயும் அடியிலயும்தான் அதிகம் படும். அந்த அடியைத் தாங்குறது கெட்டியான மரம். ஒரு எச்சரிக்கை: காஷ்மீர் வில்லோ கனம்ங்கிறதால, தராசுச் சோதனையை இதுலதான் கறாரா செய்யணும்.

கடையில 'பாப்புலர் வில்லோ'ன்னு ஒண்ணு மலிவாக் கிடைக்கும். அது வில்லோவே இல்லை, பாப்லர் மரம். டென்னிஸ் பாலுக்கு ஓகே. முகம் முழுக்கப் பெயின்ட்டோ ஸ்டிக்கரோ மூடியிருந்தா, உள்ள என்ன மரம்னு கேளுங்க. நல்ல மரத்தை யாரும் மூடி வைக்க மாட்டாங்க. முகத்துல மேலிருந்து கீழ ஓடுற கோடுகள் தெரியணும். ஒவ்வொரு கோடும் மரத்தோட ஒரு வருஷ வளர்ச்சி. கோடு நிறைய இருந்தா பேட் சீக்கிரம் பழகும், சீக்கிரமும் தேயும். கம்மியா இருந்தா பழக நாளாகும், நாள்பட உழைக்கும். பிள்ளைக்கு கம்மிக் கோடு போதும். கைப்பிடி இறங்குற 'V' மாதிரியான இடத்துல இடைவெளி தெரியுதான்னும் பார்த்துக்கோங்க, அங்கதான் முதல்ல விட்டுப்போகும்.

கைப்பிடி பருமனை யாருமே பார்க்குறதில்லை. சின்னக் கைக்கு ரப்பர் கிரிப் ஒண்ணு போதும். ரெண்டு போட்டுத் தடிமனாக்கினா பிடி முழுசா சுத்தாது, கட்டைவிரல் சீக்கிரம் நோகும்.

அஞ்சாயிரம் ரூபாய் இருக்கு. எல்லாத்தையும் பேட்டுல போடலாமா?

கூடாது. ரொம்ப உறுதியாவே சொல்றேன்.

தறிக்கூலியிலயோ லாரி ஓட்டுற சம்பளத்துலயோ இருந்து ஒரு வீட்டுல அஞ்சாயிரம் ரூபாய் எடுத்து வைக்குறது லேசுப்பட்ட காரியம் இல்லை. பள்ளிபாளையத்துலயும் திருச்செங்கோட்டுலயும் அந்தப் பணத்துக்கு எத்தனை இரவு ஷிஃப்ட்னு உங்களுக்கே தெரியும். அதை முழுக்க ஒரு பேட்டுல கொட்டிட்டு, ஹெல்மெட்டை நண்பன்கிட்ட கடன் வாங்கிக்கச் சொன்னா, அந்தப் பேட் எவ்வளவு நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்லை. லெதர் பால் முகத்துல பட்டா பல்லு போகும், கண்ணு போகும். கடன் வாங்கின ஹெல்மெட் தலைக்குப் பொருந்தாது, ஆடும், கம்பிக்கு நடுவுல பந்து நுழையும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 18 வயசுக்குக் கீழ உள்ள யாரும் ஹெல்மெட் இல்லாம லெதர் பாலை ஆடக் கூடாதுன்னு வெச்சிருக்கு. நம்ம காட்டு மைதானத்துல அம்பயர் கேக்கலைன்னாலும் நீங்க கேளுங்க.

என் கணக்கு இப்படி: முதல்ல சொந்த அளவுக்கு ஹெல்மெட். அடுத்து அப்டமன் கார்டு. இது கண்டிப்பா சொந்தமா, புதுசா இருக்கணும். அப்புறம் கிளவுஸ். மீதி என்ன இருக்கோ அதுல ஒரு நல்ல காஷ்மீர் வில்லோ. கால் பேடை அகாடமியிலயோ சீனியர்கிட்டயோ கொஞ்ச நாளைக்கு வாங்கி ஓட்டலாம். பயன்படுத்தின பேட்டை வாங்குறதுலயும் தப்பே இல்லை. ஒரு சீனியர் பையன் வளர்ந்துட்டதால விட்ட 5-ம் நம்பர் இங்கிலீஷ் வில்லோ பாதி விலைக்கு வந்தா விடாதீங்க. பழகின பேட்டுன்னா அடுத்த பத்தியில வர்ற வேலையும் மிச்சம். அடியில விரிசல் இல்லாம, கைப்பிடியைத் திருகினா கிறீச்சுன்னு சத்தம் வராம இருந்தா எடுத்துக்கலாம். ஹெல்மெட்டை மட்டும் பழசுல வாங்காதீங்க, ஏற்கெனவே அடி வாங்கியிருந்தா வெளிய தெரியாது.

வாங்கியாச்சு. உடனே ஆடக் கூடாது!

இதைக் கேட்டா பையன் அழுவான். ஆனா புது வில்லோ பேட்டோட முகம் இன்னும் இறுகலை. சுத்தியலால தட்டித் தட்டி அந்த இழையை அமுக்கி இறுக வைக்கணும். 'நாக்கிங்'னு பேரு. கடையிலேயே ஒரு கட்டணத்துக்கு மெஷின்ல செஞ்சு தர்றதும் உண்டு. அதை நம்பி அப்படியே விட்டுடாம, வீட்டுலயும் தட்டுங்க.

முதல்ல எண்ணெய். நம்ம வீட்டுல எல்லாத்துக்கும் இருக்கே, அந்தத் தேங்காய் எண்ணெய் இதுக்கு ஆகாது. அது காயாது, மரத்துக்குள்ள அப்படியே ஊறிக் கனமாக்கிடும். ஆளி விதை எண்ணெய், அதுவும் காய்ச்சாத பச்சை எண்ணெய், ரெண்டு டீஸ்பூன் போதும். பஞ்சுல தொட்டு முகம், ஓரம், அடி மூணுக்கும் மெல்லிசா தடவி, படுக்க வெச்சு ராத்திரி முழுக்க விடுங்க. கைப்பிடிக்கும் 'V' மூட்டுக்கும் எண்ணெய் படக் கூடாது, பசை விட்டுடும். ரெண்டு மூணு நாள் இப்படி. முகத்துல கண்ணாடி மாதிரி ஷீட் ஒட்டியிருந்தா அங்க எண்ணெய் வேண்டாம், திறந்திருக்குற இடத்துக்கு மட்டும். ஆனா தட்டுறதுல விலக்கு இல்லை.

அப்புறம் மரச் சுத்தியல். இல்லைன்னா பழைய லெதர் பால் ஒண்ணை சாக்ஸுக்குள்ள போட்டுக்கலாம். முதல் அரைமணி நேரம் கதவு தட்டுற மாதிரி மெதுவா, போகப் போக வேகம் கூட்டி. ஓரத்தை நேரா குத்தாம, சரிவா வெச்சு உருட்டின மாதிரி வளைச்சுத் தட்டணும். பேட்டோட அடிப்பாகத்துல கீழ இருந்து மேல குத்தவே கூடாது. மொத்தம் நாலஞ்சு மணி நேர வேலை. தினம் அரைமணி நேரம்னு பத்து நாளைக்குப் பிரிச்சுக்கோங்க. பக்கத்து வீட்டு ஆயா மதியம் தூங்குற நேரத்தைத் தவிர்த்துடுங்க. பழைய பந்தால நகத்துல கீறுற மாதிரி லேசாத் தட்டிப் பார்த்தா, தையல் தடம் விழாம இருக்கணும். அதுவரைக்கும் நெட்ஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். முதல் ரெண்டு வாரம் பழைய பந்துல த்ரோ டவுன் மட்டும்.

நம்ம ஊர் வெயில்ல ஒரு விஷயம் முக்கியம். சித்திரை, வைகாசியில ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ இருக்குற பரண் அடுப்பு மாதிரி கொதிக்கும். அங்க பேட்டைப் போட்டா மரத்துல இருக்குற ஈரம் மொத்தமாக் காய்ஞ்சு, முதல் யார்க்கர்லயே அடி பிளந்துடும். வண்டி டிக்கியும் அப்படித்தான். மழைக்காலத்துல இதுக்கு நேர் எதிர். நனைஞ்ச தரையில பேட்டை ஊனி நின்னா அடிப்பாகம் தண்ணியைக் குடிச்சு ஊதிடும். ஊதின பேட்டை வெயில்ல காய வைக்காம, வீட்டுக்குள்ள நிழல்ல படுக்க வைங்க. அடியில ரப்பர் ஷூ ஒண்ணை ஒட்டிட்டா பாதித் தொல்லை இல்லை.

ஆறு மாசத்துக்கு ஒருதடவை பையனை அதே சுவத்துல நிக்க வெச்சு அளந்துடுங்க. ரெண்டு அங்குலம் ஏறியிருந்தா ஒத்தக் கைச் சோதனையை அடுத்த சைஸ் பேட்டோட செஞ்சு பாருங்க, பத்து எண்ணுற வரைக்கும் மணிக்கட்டு நிக்கலைன்னா இன்னும் கொஞ்ச நாள் பழசே ஓடட்டும். நின்னுட்டா, பழைய பேட்டைத் துடைச்சு, கிரிப் மாத்தி, அகாடமியில புதுசா சேர்ந்திருக்குற அடுத்த நாலே முக்கால் அடிப் பையனோட அப்பாகிட்ட விலை பேசலாம்.